காளியாயி எடுத்த மிளகுப் படம்

கொட்டச்சேட்டில் மிளகு பறிக்கிறவர்கள் மரத்தில் ஏறிய பிறகு வாயால் பேசிக்கொள்வதில்லை. பேசிப் பயனில்லை. சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றும் தென்னை உயரத்துக்கு நிற்கும். அதைக் கட்டிக்கொண்டு மிளகுக்கொடி உச்சி வரைக்கும் போயிருக்கும். தை மாதத்துப் பனி, மேலே போனவனைக் கீழே நிற்கிறவன் கண்ணிலிருந்து மறைத்துவிடும். காற்றோ குரலைப் பள்ளத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் கணுவில் கால் வைத்து ஏறுகிற ஒற்றை மூங்கில் ஏணியைப் பிடித்துக்கொண்டு அடியில் நிற்கிறவன், விரல்முட்டியால் மூங்கிலைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால், ‘நான் கீழே நிற்கிறேன், ஏறு.’ அடுத்தடுத்து இரண்டு தட்டு என்றால், ‘இறங்கு.’ மேலே இருக்கிறவன் அதை உள்ளங்காலால் கேட்டுக்கொள்வான். சேர்வராயன் மலையில் எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் மிளகுக்காரர்களுக்கு இதுதான் பாஷை.

மூக்கனுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. பிறவியிலேயே காது கேளாதவன் அவன், பேச்சும் கிடையாது. தரையில் நடக்கும்போது ஊர் பேசுவதில் பாதிக்குமேல் அவனுக்கு எட்டாது. ஏணியில் ஏறிவிட்டால் மட்டும் மற்றவர்களுக்குக் கேட்கிற அத்தனையும் அவனுக்கும் கேட்கும்.

அக்கா வெள்ளையம்மாளின் வீட்டில்தான் இருந்தான். அக்காள் புருஷன் சின்னன் காய்ச்சலில் போனபோது பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறுசுகள். இழவுக்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்த மூக்கன் கொடுவாளையும் கம்பளியையும் மூலையில் வைத்தவன், திரும்ப எடுத்துக்கொண்டு போகவேயில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மூத்தவன் மாதேஸ்வரனுக்குக் காது நன்றாகக் கேட்கும். இளையவள் காளியாயி மாமனைப் போல. ஆக, நாலு பேர் இருக்கிற அந்த வீட்டில் கையால் பேசாமல் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது. சண்டை, கேலி, கணக்குவழக்கு எல்லாம் கைப்பேச்சுதான். ஆனால் வெளியாள் ஒருவர் வாசலில் தலைகாட்டிவிட்டால் போதும், வெள்ளையம்மாளின் கைகள் முந்தானைக்குள் போய்விடும். அவர் போகிறவரை வெளியே வராது. இத்தனை வருஷத்தில் அவள் கை பேசி ஊர் பார்த்ததில்லை.

மாதேஸ்வரனுக்குத் தலைச்சோலையில் பெண் அமைந்தது. அத்தாயி என்று பெயர். அப்பன் வெங்கடாசலம் ஒரு காலத்தில் பேர்போன மிளகுக்காரர். இப்போது கண்ணில் புகை படர்ந்து, வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். பெண் வீட்டார் மாப்பிள்ளை ஊரில் வந்து வீடு பார்க்கிற அன்றைக்கு, மாப்பிள்ளையின் தாய்மாமன் கூட்டத்தின் நடுவில் எழுந்து நிற்க வேண்டும். ‘எம்மருமவனுக்கு நான் பொறுப்பு’ என்று மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது அவர்கள் வழக்கம். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள்.

அதற்கு முந்தின நாள் காலை. களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பனி விலகி வெயில் வந்த நேரத்தில் அம்மாவும் மகளும் காலாலேயே பழத்தைக் கிளறிவிட்டுக்கொண்டு நடந்தார்கள். கால்கள் வேலை செய்தன, கைகள் பேசின. அந்தக் கைகள் பேசியதை எழுத்தில் போட்டால் இப்படி வரும்.

“நாளைக்கு மாமன் எஸ்டேட்டுக்குப் போவட்டும்,” என்றாள் வெள்ளையம்மாள்.

“எதுக்கு? எஸ்டேட் ரைட்டருகிட்ட லீவு சொல்லிட்டாரு அவரு. புது வேட்டி எடுத்து மடிச்சு வெச்சிருக்காரு.”

“செங்கோடன் வர்றான். அவன் நின்னு வார்த்தை சொல்லுவான்.”

காளியாயியின் கால் நின்றது. செங்கோடன் வெள்ளையம்மாளின் பெரியப்பன் மகன். முறைக்குத் தாய்மாமன்தான். ஆனால் வருஷத்தில் ஒரு தடவை, அதுவும் பலாப்பழக் காலத்தில் மட்டும் வருகிற தாய்மாமன்.

“பொண்ணு பாக்கப் போனப்பவும் அவரைத்தான கூட்டிட்டுப் போனே? மாமனுக்குக் காய்ச்சல்னு எங்கிட்டச் சொன்னே.”

“ஆமா, சொன்னேன்.”

“அவங்ககிட்ட என்ன சொன்னே?”

வெள்ளையம்மாள் பழத்தைக் கிளறினாள். “இவன்தான் என் தம்பின்னேன். அந்த மனுசன் செங்கோடன் பேசறதைக் கேட்டுட்டு, ‘தம்பிக்கு நல்ல கணீர்க் குரலுங்க’ன்னாரு. நான் என்ன பண்ணட்டும்? கண்ணில்லாதவருடி அவரு. குரலை வெச்சுத்தான் அவருக்கு ஆளே தெரியும். குரலே இல்லாதவனைக் கொண்டு போயி முன்னால நிறுத்தினா, வெறுங்காத்தை நிறுத்தின மாதிரி இருக்கும்.”

“அது மட்டுந்தானா?”

“அது மட்டுமில்லை,” என்று ஒப்புக்கொண்டாள். “ஊட்ல ரெண்டு பேரு இப்படின்னு தெரிஞ்சா எவ பொண்ணு குடுப்பா? கலியாணம் முடியட்டும். பொறவு தானாத் தெரிஞ்சுக்குவாங்க.”

“அப்ப நானு?”

“நீ காமிரா புடி. காமிராவுக்குப் பின்னால நிக்கறவகிட்ட யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க.”

காளியாயி கொஞ்ச நேரம் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அண்ணன் தாலி கட்டறப்ப நாத்தனார் முடிச்சுப் போடோணுமே, அதுக்கும் உம் பெரியப்பன் ஊட்ல இருந்து ஆளு வருமா?” என்று கேட்டாள்.

வெள்ளையம்மாள் குனிந்து, நன்றாகக் காய்ந்திருந்த இடத்தையே மறுபடியும் கையால் கிளறினாள். மூக்கனை விலக்கினால் அடுத்து விலகப்போவது மகள்தான் என்று அவளுக்கும் தெரியாதா என்ன?

காமிரா காளியாயியின் கைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். சேலத்தில் காது கேளாதவர் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு மலையேறி வந்தவளை, ஏற்காடு டவுனில் ஏரிக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த கோவிந்தராஜ் வேலைக்கு வைத்துக்கொண்டார். போட்டோவில் புள்ளி வைத்துத் திருத்துகிற வேலை. வீடியோ காமிரா வந்தபோது அவருக்கு முதுகுவலி, அந்தப் பாரத்தைத் தோளில் தூக்கி நிற்க முடியவில்லை. இவள் தூக்கினாள். “செவிடிக்கு எப்படிங்க கெட்டிமேளம் கேக்கும்? தாலி கட்டறதை உட்டுடுவா,” என்று முதல் கல்யாணத்திலேயே சண்டைக்கு வந்தார்கள். அவள் தவில்காரரின் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை உயர்வதற்கு முன்னால் தோள் உயரும். அது தெரிந்தால் போதும். ஒரு தாலியும் தப்பவில்லை.

கல்யாணக் கேசட்டுகளில் சினிமாப் பாட்டை ஏற்றிக் கொடுப்பது கோவிந்தராஜின் வழக்கம். காளியாயிக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. டிவியில் வருகிற எதுவும் தன்னைப் போன்றவர்களை நினைத்து எடுத்ததில்லை என்பது அவளுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரியும். முகம் முகமாக வரும், வாய் அசையும், பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். கேட்டால், ‘அப்புறம் சொல்றேன்’ என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே கிடையாது. ‘நான் எடுத்தால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி எடுப்பேன்’ என்று கோவிந்தராஜிடம் ஒருநாள் எழுதிக் காட்டினாள். “எடு கண்ணு. மிச்சமாகிற டேப்பு உனக்கு,” என்றார் அவர்.

மாமன் மிளகு பறிப்பதை எடுத்தாள். நடுநடுவே சிலேட்டில் எழுதி, அந்தச் சிலேட்டையும் படம் பிடித்துச் சேர்த்தாள். ஸ்டுடியோவின் பின்னறையில் மூக்கனை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். மூக்கன் தன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். சிலேட்டு வந்தபோதெல்லாம் மருமகள் பக்கம் திரும்பி, “இதென்ன, கறையான் ஊர்ந்த மாதிரி?” என்று கேட்டான். மாமனுக்கு எழுத்து தெரியாது என்பதைப் படம் எடுத்தவள் மறந்து போயிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுவாரம் திரும்ப ஏறிப்போய் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை சிலேட்டும் இருந்தது, மரத்தடியில் மாதேஸ்வரனும் நின்று நடப்பதையெல்லாம் கையால் சொன்னான். எழுத்தறிந்தவருக்கு எழுத்து, அறியாதவருக்குக் கை. இப்போது யாரும் விட்டுப்போகவில்லை என்று அவள் நினைத்தாள்.

வீடு பார்க்கிற நாளும் வந்தது. விடியலிலேயே மூக்கன் பழைய காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு சாக்கும் கயிறுமாகக் கிளம்பினான். அவனிடம் யாரும் காரணம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. புது வேட்டி மடிப்புக் கலையாமல் கொடியில் கிடந்தது. வாசலைத் தாண்டும்போது மாதேஸ்வரனைப் பார்த்து, ‘ஏணி பிடிக்க ஆள்?’ என்று சைகை செய்தான். மாதேஸ்வரன் வேறு பக்கம் பார்த்தான். மூக்கன் தலையாட்டிவிட்டுப் போனான்.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தலைச்சோலைக்காரர்கள் வந்து சேரும்போது பனி முற்றாக விலகவில்லை. வெங்கடாசலம் ஒரு மூங்கில் கோலை ஊன்றிக்கொண்டு, மனைவி லட்சுமியின் தோளைப் பிடித்தபடி வந்தார்.

“வாங்க சம்பந்தி, வாங்க!” என்று வாசலிலேயே செங்கோடன் முழங்கினான்.

“தம்பிங்களா? குரல் எட்டு ஊருக்குக் கேக்குமுங்க,” என்று சிரித்தார் வெங்கடாசலம். “நம்ம எஸ்டேட்டுல இருந்திருந்தா ஏணியே தட்ட வேண்டியதில்லை. மேல இருக்கறவன் பயந்து தானா உழுந்திருப்பான்.”

உள்ளே அடுப்பில் சாமைச் சோறு வெந்து இறக்கியிருந்தது. அவரைக்கொட்டைக் குழம்பு கொதித்தது. வழக்கப்படி வார்த்தை சொன்ன பிறகுதான் இலை போட வேண்டும். ஊர்க்காரர் இன்னும் சிலர் வரவேண்டியிருந்ததால், வந்தவர்களுக்குப் பொழுது போக என்று டவுனிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் பெரிய மரியாதை. காப்பிச் சாக்குகளை வாசலுக்கும் ஜன்னலுக்கும் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினான் செங்கோடன். “பாட்டுப் படமா ஒண்ணு போடு சாமி,” என்று காளியாயியிடம் வாயை அகலமாகத் திறந்து திறந்து சொன்னான்.

அவள் போட்டது சினிமாக் கேசட் இல்லை.

திரையில் முதலில் மூங்கில் வந்தது. பிறகு அதன் கணுவில் ஒரு பாதம். வெள்ளையம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓடிப்போய் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். நிறுத்தாவிட்டால்? தலைச்சோலைக்காரர்களுக்கு மூக்கன் முகம் தெரியாது. அந்த ஒரு பிடியில் மூச்சு விட்டாள்.

“யாருங்க அது?” என்றாள் லட்சுமி.

“எஸ்டேட் ஆளுங்க,” என்றான் செங்கோடன் சட்டென்று.

“அட, கீழ நிக்கறது மாப்பிள்ளை! எதுக்குங்க கையைக் கையை ஆட்டறாரு?”

“அது… சும்மா, படத்துக்குங்க.”

படத்தில் மூக்கன் மரத்திலிருந்து இறங்கி வந்து, ஒருநாள் நடந்த கதையைக் கையால் சொல்லத் தொடங்கினான். அவன் கதை சொன்னால் உடம்பு முழுக்கச் சொல்லும். மேலே உட்கார்ந்து மிளகு உருவுகிறான். கீழே மாதேஸ்வரன் ஏணியைப் பிடித்திருக்கிறான். புதருக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை வருகிறது. மூக்கன் காட்டெருமையாகவே மாறி, கழுத்தைத் தாழ்த்தி, கண்ணை உருட்டினான். மாதேஸ்வரன் ஏணியை விட்டுவிட்டு எடுக்கிறான் ஓட்டம். காட்டெருமை ஏணிக்குப் பக்கத்தில் வந்து, அரிப்பெடுத்த விலாவை மூங்கிலில் தேய்க்கிறது. டக், டக். மேலே மூக்கனின் உள்ளங்காலுக்கு இரண்டு தட்டு. ‘இறங்கு என்கிறான் மருமகன்’ என்று மூக்கன் நிதானமாக இறங்கி வருகிறான். கடைசிக் கணுவுக்குக் கீழே காலை வைத்தால், மூங்கில் இல்லை, மயிர்!

அறையே சிரித்தது. லட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். கைப்பேச்சு தெரியாதவர்களுக்கும் அந்தக் கால் வைத்த இடம் புரிந்துவிட்டது.

காளியாயி திரையைப் பார்க்கவில்லை. சிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வரிசையில் வெங்கடாசலம் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வருகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பினார். “என்னங்க? பாட்டையும் காணோம், வசனத்தையும் காணோம்?” என்றார். பக்கத்தில் இருந்தவர், “இருங்க, அப்புறம் சொல்றேன்,” என்றார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு வெங்கடாசலம் தானும் கொஞ்சம் சிரித்து வைத்தார்.

அந்தச் சிரிப்பு காளியாயிக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில், பஸ்ஸில், எத்தனையோ கல்யாண வீடுகளில் அவளே சிரித்த சிரிப்பு அது. மற்றவர்கள் முடித்த பிறகு, தனியாகத் தெரியக்கூடாதே என்பதற்காகச் சிரிக்கிறது. அவர் வாய் அசைந்ததையும் பக்கத்திலிருந்தவர் கையால் அவரை அமர்த்தியதையும் பார்த்தவளுக்கு என்ன பேசியிருப்பார்கள் என்பதும் தெரிந்தது. எழுத்து வைத்தாள், கை வைத்தாள். இவரை நினைக்கவேயில்லை.

டெக்கை நிறுத்தினாள். கேசட்டை ஆரம்பத்துக்குத் திரும்பச் சுற்றவிட்டாள். நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வெங்கடாசலத்தின் பக்கத்தில் உட்காரவைத்தாள். வெள்ளையம்மாளின் கைகள் முந்தானைக்குள் போயின. காளியாயி முந்தானையை விலக்கி, அம்மாவின் கண்ணுக்கு நேராகச் சொன்னாள்: “வர்றதை எல்லாம் அவருக்குச் சொல்லு. ஒண்ணு விடாம.”

“என்ன புள்ளை சொல்லுது?” என்றாள் லட்சுமி.

“படத்தை… இவருக்குச் சொல்லச் சொல்லுதுங்க.”

“அட!” என்று நிமிர்ந்தார் வெங்கடாசலம். “சொல்லுங்க சம்பந்தி, சொல்லுங்க. எனக்குப் படம் பாத்து நொம்ப நாளாச்சு.”

படம் மறுபடி ஓடியது. வெள்ளையம்மாள் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு… மூங்கில் வருதுங்க. ஏணி.”

“ஒத்தை ஏணிதான? எந்த மரத்துல சாத்திருக்குது?”

“சில்வர் ஓக்குங்க.”

“கொடி எப்படி? காய்ப்பு?”

“நல்ல காய்ப்புங்க. சரம் சரமா, விரல் நீளத்துக்கு. கீழ கொஞ்சம் பழுத்துச் செவந்திருக்குது.”

“ம்ம்.” அவருடைய கை காற்றில் ஒரு சரத்தை உருவியது. “அடியில புடிக்கறது ஆரு?”

“எம்மவன் மாதேசுங்க. தட்டறான் இப்போ. ஒரு தட்டு.”

“மாப்பிள்ளைக்கு ஏணி தெரியுமா! சந்தோசம். மேல போறது?”

செங்கோடன் தொண்டையைக் கனைத்தான். திரையில் மூக்கன் பனிக்குள் ஏறிக்கொண்டிருந்தான். அவன் முதுகில் சாக்கு. அந்த முதுகில்தான் மாதேஸ்வரன் ஏறிப் பள்ளிக்கூடம் போனான், காய்ச்சல் கண்ட காளியாயி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெள்ளையம்மாள் ‘எஸ்டேட் ஆள்’ என்று சொல்லியிருக்கலாம். செங்கோடன் சொன்னதுதான், இன்னொரு தடவை சொன்னால் ஒட்டிக்கொள்ளும். எதிரே மகள் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் பொய் சொல்லும்போது முகம் எப்படிப் போகும் என்று அறிந்தவள்.

“மேல போறது யாருங்க சம்பந்தி?”

“என் தம்பிங்க,” என்றாள் வெள்ளையம்மாள். “மூக்கன். என் கூடப் பொறந்தவன்.”

படம் ஓடிக்கொண்டிருந்தது. வெங்கடாசலம் முகத்தை மெதுவாகத் திருப்பினார்.

“அப்ப எங்கூட்டுக்கு வந்து கணீர்னு பேசினவரு?”

“பெரியப்பன் மவனுங்க. மூக்கனுக்குக் காது கேக்காது, பேச்சும் இல்லைங்க. அதான்… மறைச்சுப்போட்டேன்.” பிறகு, முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று, “எம்மவளும் அப்படித்தானுங்க. இந்தப் படம் அவ எடுத்தது,” என்றாள்.

லட்சுமி எழுந்துவிட்டாள். “ஏனுங்க, இது நாயமா? பச்சைக்கிளியாட்டம் ஒரே பொண்ணை வளத்துக் குடுக்கறோம். ஒரு ஊட்ல ரெண்டு பேருன்னா அது ரத்தத்துல இருக்குதுங்க. நாளைக்கு எம் பொண்ணு வவுத்துல பொறக்கறதும் இப்படிப் பொறந்தா?”

அது வாயை மூடவைக்கிற கேள்வி. ஆனால் அநியாயமான கேள்வி என்றும் சொல்ல முடியாது, ஒரு தாய்க்கு வருகிற பயம்தானே? மாதேஸ்வரன் சுவரோரமாக நின்றவன் முன்னால் வந்தான்.

“பொறந்தாலும் பொறக்குமுங்க அத்தை,” என்றான். “பொறக்காதுன்னு சொன்னா அது இன்னொரு பொய்யி. பொறந்தா, அந்தப் புள்ளைகூடப் பேச எங்க ஊட்ல எல்லாருக்கும் தெரியும். வேற ஊட்ல பொறந்தாத்தான் அதுக்கு ஆளில்லாம போவும்.”

லட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவர் கோலின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கோபம் வந்திருந்தது அவருக்கு. காதோரம் சிவந்திருந்தது.

“என்னை ஏமாத்திட்டீங்க,” என்றார் கடைசியில். “கண்ணில்லாதவன்னு ஒரு குரலைக் காட்டி ஏமாத்திட்டீங்க. அது எனக்கு ஆறறதுக்கு நாளாவும்.” கோலைப் பக்கத்தில் கிடத்தினார். “அது கெடக்கட்டும். மொதல்ல எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்க? அதைச் சொல்லுங்க.”

வெள்ளையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். காட்டெருமை வந்ததை, மாதேஸ்வரன் ஓடியதை, விலா மூங்கிலில் உரசியதை. “ரெண்டு தட்டுன்னு நெனைச்சு இவன் எறங்கறானுங்க…”

“அய்யய்யோ!” வெங்கடாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்குக் கால் வைத்த இடத்தில்தான் சிரிப்பு வந்தது. அவருக்கு இங்கேயே வந்துவிட்டது, ஏணியில் நின்றவருக்குத்தானே அது தெரியும். “எருமை எறங்குன்னு தட்டுதா! அடக் கடவுளே!” என்று தொடையில் அடித்துக்கொண்டு, பார்வையில்லாத கண்ணில் நீர் வழியச் சிரித்தார். இந்தத் தடவை அறை முழுக்க அவரோடு சேர்ந்து சிரித்தது. லட்சுமிகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அப்புறம் என்ன பண்ணாரு?”

“திரும்ப மேல ஏறிப் பொழுது சாயற வரைக்கும் கொடியைக் கட்டிக்கிட்டு இருந்தானுங்க. ஊடு வந்து, ஓடிப்போனவனை ஒரு வார்த்தை வையலை. தலையில ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான்.”

“ஒரே தட்டு?”

“ஒரே தட்டுங்க.”

வெங்கடாசலம் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். “இன்னிக்கு அவரு எங்க?”

“எஸ்டேட்டுக்கு அனுப்பிட்டேனுங்க.”

“ஏணி புடிக்க ஆரு போனது?”

யாரும் போகவில்லை. மாதேஸ்வரன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை, வாசல் சாக்கை ஒதுக்கிவிட்டு மாமனைக் கூப்பிட ஓடினான். காளியாயி படத்தை நிறுத்தினாள்.

மூக்கன் வந்தபோது வியர்த்திருந்தான். கையெல்லாம் மிளகுக் கறை, உடம்பெல்லாம் அந்தக் காரநெடி. மருமகன் ஓடிவந்து கூப்பிட்டதும் வீட்டில் யாருக்கோ என்னமோ என்று பயந்து வந்தவன், கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். நெடி முதலில் வெங்கடாசலத்துக்குத் தெரிந்தது. மூக்கை உயர்த்தி இழுத்தார்.

“வந்துட்டாரு,” என்றார்.

செங்கோடன் இன்னும் விடவில்லை. “ஏனுங் சம்பந்தி, அதெல்லாம் சரிங்க. வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? தாய்மாமன் வாய்விட்டுச் சொல்லோணும். இவன் வாயில ஏதுங்க சொல்லு?”

“நீங்க வாய்விட்டுத்தான சொன்னீங்க எங்கூட்ல?” என்றார் வெங்கடாசலம். செங்கோடன் அதற்குப்பிறகு சோற்றுப் பானை இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “பொண்ணைக் குடுக்கறவன் நானு. வார்த்தை எனக்குத்தான் வந்து சேரோணும். எனக்குத் தெரியற மாதிரி சொன்னாப் போதும்.”

தட்டுத்தடுமாறி எழுந்தார். கோலைத் தரையில் செங்குத்தாக ஊன்றி, அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செருப்பில்லாத ஒரு பாதத்தைக் கோலோடு ஒட்டி வைத்தார். ஏணியில் நிற்கிறவன் நிற்கிற மாதிரி.

காளியாயிக்குப் புரிந்துவிட்டது. மாமனிடம், “உன்னை வார்த்தை சொல்லச் சொல்றாரு. அண்ணனுக்கு,” என்று கையால் சொன்னாள்.

மூக்கன் அக்காவைப் பார்த்தான். வெள்ளையம்மாள் கொடியில் கிடந்த புது வேட்டியை எடுத்து வந்து அவன் தோளில் போட்டாள். அவன் கறைபட்ட கையைப் பழைய கால்சட்டையில் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டான். பிறகு கூட்டத்தின் நடுவில் வந்து, கிழவருக்கு முன்னால் குந்தி, கோலின் அடியை ஒரு கையால் இறுகப் பிடித்தான். மறுகையின் விரல்முட்டியால் தட்டினான்.

ஒரு தட்டு.

நிறுத்தினான். கிழவரின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரல் மெல்ல மடங்கி நிமிர்ந்தது. மறுபடி ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. மூன்றும் தனித்தனி. ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டான்.

வெங்கடாசலம் கோலை விடவில்லை. “கேட்டுதுங்க,” என்றார். “இலையைப் போடுங்க.” பிறகு மனைவி இருக்கிற திசையில், “உனக்கு என்ன தோணுது?” என்று கேட்டார்.

“எனக்குப் பயம் போவலைங்க,” என்றாள் லட்சுமி. போகவில்லைதான். ஆனால் இலை விரிக்க இடம் பார்த்து அவள்தான் சாக்குமூட்டையை நகர்த்தினாள்.

“சோறு வர்றதுக்குள்ள மீதிப் படத்தைப் போடச் சொல்லுங்க,” என்றார் வெங்கடாசலம். “நீங்க பக்கத்துலயே இருங்க சம்பந்தி.”

சாக்கை மறுபடி இறக்கிவிட்டார்கள், படம் ஓடியது. மூக்கன் வேட்டியைத் தோளில் போட்டபடியே நடுவில் உட்கார்ந்து தன்னையே பார்த்தான். வெள்ளையம்மாள் சொல்லிக்கொண்டு வந்தாள். உருவிய மிளகைக் களத்தில் கொட்டுவதை, காலால் மிதித்துச் சரத்திலிருந்து உதிர்ப்பதை. இப்போது வாய் தானாக வந்தது. இருட்டில், காளியாயிக்கு அம்மாவின் முகம் பாதிதான் தெரிந்தது.

கரண்டு போய்விட்டது. மலையில் அது தினமும் போகிற நேரம். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கூட்டம் “ச்சு” என்றது.

“அப்புறம்?” என்றார் வெங்கடாசலம். முகத்தை வெள்ளையம்மாளின் குரல் பக்கம் திருப்பியிருந்த அவருக்குப் படம் நின்றது தெரியவில்லை.

வெள்ளையம்மாள் ஒரு கணம் அணைந்த திரையைப் பார்த்தாள்.

“அப்புறமுங்க… எம்புருசன் செத்து மூணாம் நாளு. மழை புடிச்சுக்கிச்சு. ஊட்ல ஒரு மணி சாமை இல்லை. இவன் ஒரு கொடுவாளும் கம்பளியுமா வந்து நிக்கறானுங்க…”

படத்தில் இல்லாத கதை. காளியாயிக்கு அம்மாவின் உதடு அசைவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எழுந்து போய் வாசலில் தொங்கிய காப்பிச் சாக்கைப் பிடித்து விலக்கினாள். பனி விட்ட வெயில் உள்ளே விழுந்தது.

வெள்ளையம்மாளின் கைகள் முந்தானைக்கு வெளியே இருந்தன. வாய் சொல்வதையெல்லாம், அத்தனை பேருக்கும் நடுவில், அவையும் சொல்லிக்கொண்டிருந்தன.